நன்னாரிக் கேக்கும் நீலக் குப்பியும்

என் தங்கையைக் கட்டின அருமை மாப்பிள்ளை வேதமுத்துவுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஓர் எழுத்து வானத்தைப் பார்க்கிறது, அடுத்தது குப்புறக் கிடக்கிறது. நாற்பது வருஷம் மாவு பிசைந்த கை. பேனாவையும் அப்படியே அமுக்கி இரண்டு நிப்பை முறித்துவிட்டேன். ஒரு பக்கம் நிரப்ப ஒரு காலைப்பொழுது போகிறது. ஆனாலும் மாப்பிள்ளை, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எழுதினதைத் திரும்ப வாசித்துப் பார்க்கிறேன். நான் சொன்னதையே அது சொல்லுகிறது. ஒரு வார்த்தை கூடவில்லை, ஒரு வார்த்தை மாறவில்லை.

உமக்கும் வாசிக்கத் தெரியாதே என்று தங்கை அருளாயி கேட்டாள். நாலு வருஷமாக நீர் இருக்கிற இடத்தில் கற்றுக்கொடுத்திருப்பார்கள் என்று சொன்னேன். இல்லாவிட்டால் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லும். நல்ல ஆளாய்ப் பார்த்துக் கொடும். வாசிக்கத் தெரிந்தவன் கையில் நாம் பட்டது போதும்.

இந்தத் தாள்களை நம் ரொட்டிக் கிடங்கின் கதவில் வரிசையாக ஒட்டப் போகிறேன். எதிரே செல்வநாயகம் அண்ணாச்சியின் கடை இருக்கிறது அல்லவா, அங்கே கல்லாவில் உட்கார்ந்தால் கண்ணில் படும்படி ஒட்டுவேன். பாளையங்கோட்டையில் போகிறவர் வருகிறவர் எல்லாம் வாசிக்கட்டும். அதனால் உமக்குத் தெரிந்த கதையையும் நடுநடுவே சொல்லுவேன். கோபித்துக்கொள்ளாதேயும்.

ரொட்டி மாவு புளிக்கப் பனங்கள் வேண்டும். நம் சபையிலோ கள்ளைத் தொட்டவனுக்குக் கோவிலில் இடமில்லை. ஆகவே கோவில் குருவாயிருந்த துரை ஐயர் ஒரு வழி பண்ணினார். தினமும் ஒரு செம்பு கள் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அது மாவுக்குள் போகிற வரைக்கும் உபதேசியார் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பாவம் அந்த மனிதர், ஜெபப் புஸ்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தினமும் வந்து நிற்பார்.

“ஏலே வேதமுத்து, முழுசும் மாவுக்குள்ளதான் போச்சா?”

“ஆமா உபதேசியாரே. சந்தேகம்னா என் வாயை மோந்து பாரும்.”

“உன் வாயை மோந்தா வெங்காயம்லா அடிக்கும். செம்பைக் கவுத்துக் காட்டு.”

நீர் செம்பைக் கவிழ்த்துக் காட்டுவீர். ஒரு சொட்டு விழும். அதையும் மாவில் தடவுவீர். பத்து வருஷம் இப்படி நடந்தது. அந்தச் சொட்டுக்குக்கூட உம்மீது யாரும் குறை சொன்னதில்லை.

பிறகுதான் அண்ணாச்சியின் அலமாரியில் அந்தச் சீமை வாசனைக் குப்பிகள் வந்து இறங்கின. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வைக்கோல் சுற்றி வரும். வெனிலா, எலுமிச்சை, அன்னாசி, ரோஜா, எல்லாவற்றுக்கும் ஒரு குப்பி. சின்னதாய், நீலமாய் இருந்தது வாதுமைக் குப்பி. தச்சநல்லூர்க் கல்யாணத்துக்கு வாதுமைக் கேக்கு கேட்டிருந்தார்கள். வாதுமைப் பருப்பு வாங்கப் போன நம் இருவரையும் அண்ணாச்சி நிறுத்தி உட்காரவைத்தார்.

“சீமையில இப்ப யாரு வே வாதுமை அரைக்கா? இதுல நாலு சொட்டு விட்டா நூறு பருப்பு அரைச்ச மணம். இந்தா எழுதியிருக்கு பாரும், சுத்தமான வாதுமைச் சாறு.” விரலை ஓட்டி ஓட்டி வாசித்துக் காட்டினார். நாம் அவருடைய விரலைப் பார்த்தோம். வேறு எதைப் பார்க்கத் தெரியும் நமக்கு?

நீர் மட்டும் கேட்டீர். “சாப்பிடுததுக்குத்தானே அண்ணாச்சி?”

“பின்ன, குளிக்கதுக்கா?” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. எழுத்து தெரிந்த பிறகு முதலில் அதை எழுதி வைத்தேன்.

கல்யாணப் பந்தலில் கேக்கு தின்றவர்களில் எட்டுப் பத்துப் பேருக்குத் தலை சுற்றியது. மணப்பெண்ணின் தம்பிக்கு உதடும் நகமும் நீலம் பாரித்துவிட்டன. உயிர் பிழைத்தது தேவ கிருபை. ஊர் என்ன சொன்னது? கள் கெட்டுப்போய்விட்டது, கெட்ட கள்ளைக் கேக்கில் ஊற்றிவிட்டான் என்றது. மாப்பிள்ளை, கேக்கில் ஏது கள்? கேக்கைத் தூக்குவது முட்டை. ரொட்டிக்குத்தான் கள். அடுப்படியில் ஒரு நாள் நின்றவளுக்குக்கூட இது தெரியும். சபைக் கமிட்டியில் இருந்த ஏழு ஆண்பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், ஊரில் கள் வாங்க அனுமதி உள்ளவர் நீர் ஒருவர்தான் என்பது. குப்பியைப் பற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள், அதில் எழுதியிருப்பதை வாசிக்கிறவரே அண்ணாச்சிதானே.

கமிட்டிப் புஸ்தகம் எழுதுகிறவர் அதே அண்ணாச்சி. அவர் உமக்கு வாசித்துக் காட்டியது, “கேக்கு தின்றவர்களுக்கு நோவு வந்ததற்கு வருந்துகிறேன்” என்று. நீர் நிஜமாகவே வருந்தினீர். அதனால் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தீர். அதில் எழுதியிருந்தது, கள்ளைக் கலந்தது நான்தான் என்று. அடுத்த ஞாயிறு கோவிலில் இராப்போஜனப் பந்திக்கு நீர் எழுந்து போனபோது உபதேசியார் கையை நீட்டி மறித்தார். இராப்போஜன ரொட்டியைச் சுட்டவர் நீர். உமக்கு அதில் ஒரு துண்டு இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தீர். ஒரு ஞாயிறும் தவறாமல் கோவிலுக்கு வந்து கடைசித் தூணடியில் உட்கார்ந்தீர். சாகிற அன்றைக்கும் அந்தத் துண்டு உமக்குக் கிடைக்கவில்லை. இதை எழுதும்போது நிப்பு இன்னொரு முறை வளைந்துவிட்டது. இருக்கட்டும்.

இனி உமக்குத் தெரியாததைச் சொல்லுகிறேன்.

நீர் போன பிறகு அருளாயி மாவுப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து என்னிடம் தந்தாள். உள்ளே அந்த நீலக் குப்பி. பாதிக்குமேல் மீதி இருந்தது. “இதை எறியக் கூடாதுன்னு கடைசி வரைக்கும் சொன்னாரு அண்ணே. ஏன்னு சொல்லல” என்றாள். அதை யாரிடம் காட்டுவது? ஊரில் சீமை எழுத்து வாசிக்கிறவர்கள் எல்லாரும் அண்ணாச்சிக்கு வேண்டியவர்கள். கொற்கைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருந்த என் மகள் எஸ்தர் இங்கே மாற்றலாகி வந்த பிறகுதான் காட்டினேன். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். மேலே பெரிய எழுத்து, கீழே எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி.

“அப்பா, இது வாதுமையில எடுத்ததே இல்ல. சோப்புக்கு வாசனை ஏத்துததாம். வாயில படக் கூடாதுன்னு அடியில போட்டிருக்கு.”

மூன்று தரம் வாசிக்கச் சொன்னேன். மூன்று தரமும் அதுவேதான் வந்தது. அடுப்புக்குள் ரொட்டி தள்ளுகிற நீளத் துடுப்பை எடுத்துக்கொண்டு எதிர்க் கடையைப் பார்த்து நடந்தேன். அருளாயிதான் குறுக்கே வந்து விழுந்தாள்.

“அடிச்சிட்டு வா. குடிச்சிட்டு அடிச்சான்னு அவன் எழுதுவான். வாசிச்சுக் காட்டும்போது வேற என்னமாவது சொல்லுவான். நீயும் பெருவிரலை நீட்டு.”

துடுப்பைக் கீழே போட்டேன். அன்றைக்கே எஸ்தரிடம் சிலேட்டு கேட்டேன். அறுபத்துநாலு வயசில் ‘அ’ போட்ட முதல் மனுஷன் இந்தத் தெருவில் நான்தான். பழியைக் கர்த்தரிடம் விட்டுவிடு என்று ஐயர்மார் பிரசங்கம் பண்ணுகிறார்கள். விட்டுவிட்டேன். ஆனால் அடுப்பு மூட்டுகிற வேலை என்னுடையது.

நான் யோசித்தது இதுதான். அவருடைய வாயாலேயே அவரைப் பிடிக்க வேண்டும். இந்த மணம் என் குப்பிக்குத்தான் வரும் என்று அவர் பத்துப் பேர் முன்னால் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கேக்கில் குப்பியின் சொட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. தன் குப்பியில் இருப்பது என்னவென்று அவருக்கே தெரியாது என்பதை ஊர் பார்க்க வேண்டும். அதற்குள் சீமையில் சண்டை வந்து, கப்பலில் குப்பி வருவதும் நின்றது. அலமாரியில் மிச்சம் இருப்பதைத்தான் அண்ணாச்சி துடைத்துத் துடைத்து விற்றார். அவர் குப்பிகளிலே பேர்போனது வெனிலா. அதையே பிடித்தேன். வெனிலா என்பது எந்த மரத்தில் காய்க்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. மணம் மட்டும் மூக்கில் இருந்தது. மூக்கை நம்பித் தேடினேன்.

முதலில் தாழம்பூ வைத்தேன். கேக்கை வெட்டினதும் அருளாயி, “யாரு தலையில இருந்து விழுந்தது இது?” என்றாள். கல்யாணப் பெண்ணின் சடையைத் தின்றது போல இருந்தது. பிறகு வெட்டிவேர். அது நனைந்த தட்டியின் மணம். மாகாளிக் கிழங்கு கிட்டத்தட்ட வந்தது. மூக்கில் வைத்ததும் வெனிலாதான் என்று குதித்தேன். சூடு ஏறினதும் மூட்டைப்பூச்சி நசுக்கின மணமாகிவிட்டது. அந்தக் கேக்கைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு வைத்தேன். அதுவும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது.

பாபநாசத்து மலையடிவாரத்திலிருந்து வேர் விற்க வருகிற கிழவியிடம் நன்னாரி வாங்கினேன். “கேக்குக்கா? சூட்டுக்குத்தான அய்யா இதைக் குடிப்பாக. நீரு இதைப் போயி நெருப்புல வைக்கேங்கீரு” என்று அவள் சிரித்தாள். அவள் சிரிப்புக்கு ஏற்றபடிதான் ஆயிற்று. வேரைக் கொதிக்க வைத்த தண்ணீரில் மாவு கரைத்தேன். வீடெல்லாம் மணத்தது, கேக்கில் மணம் இல்லை. எல்லாம் ஆவியோடு போய்விட்டது. பாலில் போட்டுக் காய்ச்சினேன். அதிலும் பாதி போயிற்று. இனி ஆகாது என்று மீதி வேரை, ஈர மணலில் வெண்ணெய்ப் பானை வைத்திருக்கிற மூலையில் போட்டுவிட்டேன்.

மூன்று நாள் கழித்து அருளாயி சத்தம் போட்டாள். “வேரை ஏண்ணே வெண்ணெய்ப் பக்கத்துல போட்ட? வெண்ணெய் பூராவும் வேர் வாடை. இதை எவன் திம்பான்?”

ஓடிப்போய் மோந்து பார்த்தேன். மாப்பிள்ளை, நான் அங்கனயே உட்கார்ந்துவிட்டேன். அதே மணம். குப்பியின் கூர்மை இல்லை, நெடி இல்லை, பைய மூக்குக்குள் வந்து உட்காருகிற மணம். வெண்ணெய்க்குப் பக்கத்தில் கருவாடு வைக்காதே என்று எத்தனை தரம் என்னைத் திட்டியிருப்பீர். வெண்ணெய் எதையும் பிடித்துக்கொள்ளும் என்பது நமக்குத் தெரியும்தானே? தெரிந்தும் தண்ணீரிலேயே முட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு நீர் இருந்திருந்தால் என் மண்டையில் கரண்டியால் ஒன்று போட்டிருப்பீர்.

அறுப்பின் பண்டிகைக்கு ஒரு கேக்கு சுட்டுக் காணிக்கையாகக் கொண்டுபோனேன். ஆராதனை முடிந்து, கோவில் வேப்பமரத்தடியில் பூசணியும் வாழைக்குலையும் கோழியும் ஏலம் போனது. ஏலம் கூறுவது எப்போதும் அண்ணாச்சிதான். என் கேக்கின்மேல் இருந்த துணியை விலக்கினார். மூக்கு விரிந்தது. முகமும் விரிந்தது.

“எல்லாரும் மோந்து பாருங்க. இது நம்ம கடைக் குப்பி மணம். சண்டைக்கு முந்தி குடுத்தது. மாணிக்கம் கருத்தா வச்சிருந்திருக்காரு.”

நான் பைய எழுந்தேன். “உம்ம கடைக் குப்பியா அண்ணாச்சி?”

“பின்ன? வேற எங்க இந்த மணம் கிடைக்கும்?”

“நிச்சயமாச் சொல்லுதீரா? எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காக.”

“கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்லுவேன் வே. என் குப்பிதான்.”

மடியிலிருந்து நன்னாரிக் கட்டை எடுத்து அவர் முன்னால் போட்டேன். “அதுல இருக்கது இந்த வேரு. உம்ம குப்பி இங்கன இருக்கு.” நீலக் குப்பியை மூடி திறந்து நீட்டினேன். “இதும் நீரு குடுத்ததுதான். வாதுமைச் சாறுன்னு வாசிச்சுக் காட்டினீரே. கல்யாண வீட்டுல பிள்ளைங்க தின்னாங்க. நீரு ஒரே ஒரு சொட்டு நாக்குல வையும். வச்சிட்டா, இந்த ஊரு பார்க்க உம்ம கால்ல விழுதேன்.”

அவர் கை பின்னால் போனது. மாப்பிள்ளை, நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷம் காத்திருந்து பார்த்த கை அது.

“அது பழசு வே. கெட்டுப் போயிருக்கும்.”

“சாறு பழசானா கெடும், சரி. எழுதினதும் பழசானா மாறுமா அண்ணாச்சி?”

கூட்டத்தில் யாரோ ஒரு பொம்பிளை, “நக்கும்வே, சொட்டுதானே” என்றாள். துரை ஐயருக்குப் பிறகு வந்த புது ஐயர் எழுந்து வந்து குப்பியை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாமே வாசித்தார், முதலில் சீமை மொழியில், பிறகு தமிழில். அந்தக் கீழ் வரியை இரண்டு தரம் வாசித்தார். ஐயர் கமிட்டிப் புஸ்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். உமது ரேகை இருந்த பக்கத்தையும் சத்தமாய் வாசித்தார். அருளாயி எழுந்து, “எம் புருஷன் அப்படிச் சொல்லவே இல்ல ஐயரே. அண்ணாச்சி எனக்கு முன்னாலதான் வாசிச்சுக் காட்டினாரு. நோவுக்கு வருத்தம்னுதான் வாசிச்சாரு” என்றாள். அவள் கோவிலில் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அண்ணாச்சி தலை குனிந்து நின்றார். தெரிந்து செய்தாரா, அந்தச் சின்ன எழுத்தை வாசிக்காமலே விற்றாரா என்று ஐயர் கேட்டார். கவனிக்கவில்லை என்றார். குப்பியைக் கவனிக்காதவர் புஸ்தகத்தில் மட்டும் எப்படிக் கவனமாய் மாற்றி எழுதினார்? பதிலுக்காக நான் தினமும் கிடங்கு வாசலிலிருந்து அவர் கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு ஐயர் பீடத்தில் நின்று உமது பெயரைச் சொன்னார். வேதமுத்துவின் மேல் குற்றம் இல்லை, அவர் இந்தச் சபையின் குறைவற்ற அங்கத்தினராகவே மரித்தார் என்று அறிக்கை பண்ணினார். இராப்போஜன ரொட்டியையும் மறுபடி நம் கிடங்கிலேயே சுடச் சொன்னார். உமது அடுப்பில், உமது பலகையில் பிசைந்து, உபதேசியார் பார்க்க ஒரு செம்பு பனங்கள் ஊற்றிச் சுட்டேன். கிழவர் செம்பைக் கவிழ்க்கச் சொல்லவில்லை. அவரே வாங்கிக் கவிழ்த்து, அந்தக் கடைசிச் சொட்டை மாவில் தடவினார்.

அண்ணாச்சியைப் பந்தியிலிருந்து விலக்க வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. வேண்டாம் என்று சொன்னவன் நான். எனக்கு இரக்கம் வந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். அருளாயிக்கு மட்டும் தெரியும். அவர் வர வேண்டும் மாப்பிள்ளை. பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதியண்டை முழங்கால்படியிட்டு, இரண்டு கையையும் ஏந்தி, உமது அடுப்பில் வெந்த துண்டை வாங்கி, எல்லாரும் பார்க்க விழுங்க வேண்டும். வந்தார். நான் பக்கத்திலேயே முழங்காலில் இருந்தேன். மென்றார், மென்றார், இறங்கவில்லை. நான் ஜெபத்தைக்கூடக் கண்ணைத் திறந்துகொண்டுதான் சொன்னேன். இது பாவமா? இருந்தால் அங்கே சொல்லி வையும். வந்து கணக்குக் கொடுக்கிறேன்.

போன வாரம் அவர் கிடங்குக்கே வந்தார். வாசலில் நின்று, “மாணிக்கம், நடந்தது நடந்துபோச்சு. அந்த வேர்ப் பக்குவத்தைச் சொல்லும். குப்பியில அடைச்சு ரெண்டு பேருமா விப்போம்” என்றார்.

“சொல்லுதேன் அண்ணாச்சி. நல்லா விவரமா எழுதியே தாரேன்” என்றேன். சந்தோஷமாய்ப் போனார்.

எழுதியாயிற்று. இதோ, தெருவில் நின்று வாசிக்கிற அத்தனை பேருக்கும் எழுதியாயிற்று. நன்னாரி வேரின் உள்ளே இருக்கிற நரம்பை உருவிப் போட்டுவிட்டு, தோலை மட்டும் நிழலில் காயவைத்து இடியுங்கள். கைப்பிடித் தூளை ஒரு சேர் வெண்ணெயில் பிசைந்து, வாய் கட்டின பானையில் மூன்று நாள் ஈர மணலில் வையுங்கள். பிறகு தொட்டால் பொறுக்கிற சூட்டில் உருக்கி வடிகட்டி ஆறவிட்டு, அந்த வெண்ணெயிலேயே கேக்கு சுடுங்கள். நெருப்பில் கொதிக்க விடாதீர்கள். வாதுமை மணம் வேண்டுமானால் பங்களாத் தோட்டங்களில் விழுகிற நாட்டு வாதுமைக் கொட்டையை உடைத்து, பருப்பை நெய்யில் சிவக்க வறுத்து, குற்றாலத்து ஜாதிபத்திரி ஓர் இதழ் சேர்த்து அரையுங்கள். அந்தக் குப்பி அளவுக்கு மூக்கில் ஏறாது. யாருடைய உதடும் நீலமாகாது. இதற்கு ஒருவரும் எனக்கு ஒன்றும் தர வேண்டாம். செய்கிறபோது, இது வேதமுத்து கேக்கு என்று சொன்னால் போதும்.

எல்லாருக்கும் தெரிந்ததை அண்ணாச்சி எந்தக் குப்பியில் அடைப்பார்?

கை வலிக்கிறது மாப்பிள்ளை, விரல் மடங்கவில்லை. ஆனால் நிறுத்த மனசில்லை. எதிர் அலமாரியில் இன்னும் மூன்று வகை நிற்கின்றன. எலுமிச்சை, ரோஜா, அன்னாசி. அடுத்த வாரம் நாரத்தைத் தோலைச் சீனிக்கட்டியில் உரசுகிற பக்குவத்தை உமக்கு எழுதுவேன். எலுமிச்சைக் குப்பி அன்றோடு தீர்ந்தது. அதற்கடுத்த வாரம் ரோஜா. அந்த அலமாரி காலியாகிற வரைக்கும் வாரம் தவறாது.

இனி எந்தத் தாளிலும் பெருவிரல் வைக்காத உமது மச்சான்,
அருளாயியின் அண்ணன்
மாணிக்கம்
(என் கையாலேயே எழுதியது)